அவையைக் கூட்டுவது யார் கையில்?

2024 செப்டம்பர் 11 அன்று ஹரியானா அமைச்சரவை கூடி, சட்டமன்றத்தைக் கலைத்துவிடும்படி ஆளுநருக்குப் பரிந்துரைத்தது. மறுநாளே ஆளுநர் பண்டாரு தத்தாத்ரேயா கலைத்துவிட்டார். தேர்தல் தேதி ஏற்கெனவே அறிவித்தாகிவிட்டது, வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம் சொச்சம்தான் பாக்கி. அப்புறம் எதற்கு இந்த அவசரம்? அந்த அவை கடைசியாக அமர்ந்தது மார்ச் 13 அன்று, அதுவும் ஒரே ஒரு நாள். ஒரு அவை அமர்ந்து ஆறு மாதத்துக்குள் மறுபடி அமர்ந்தாக வேண்டும் என்பது அரசியலமைப்பின் கட்டளை. செப்டம்பர் 12 அந்தக் கெடுவின் கடைசி நாள். மே மாதத்தில் மூன்று சுயேச்சைகள் ஆதரவை விலக்கிக்கொண்டதிலிருந்து இது பெரும்பான்மை இழந்த அரசு என்று காங்கிரஸ் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு நாள் அவையைக் கூட்டி இதற்கு முடிவு கட்டியிருக்கலாம். அரசு அவையைக் கூட்டவில்லை, கலைத்தது.

நாடாளுமன்றமும் சட்டமன்றமும் எப்படிக் கூடுகின்றன, யார் தேதி குறிக்கிறார்கள் என்ற கேள்வி பெரும்பாலும் ஆளுநருக்கும் முதலமைச்சருக்கும் சண்டை வரும்போதுதான் செய்தியாகிறது. அந்தச் சண்டை முக்கியமானதுதான், ஆனால் அது இந்த விஷயத்தில் பாதிதான். மீதிப் பாதியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பதில் சொல்ல வேண்டிய அரசே, தன்னிடம் எப்போது கேள்வி கேட்கலாம் என்று நாள் குறிக்கும் ஏற்பாடு இது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். நாடாளுமன்றத்துக்கு 85-வது பிரிவு, மாநிலங்களுக்கு 174-வது பிரிவு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வாசகம்தான்: குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநர் 'தாம் தகுந்ததெனக் கருதும் நேரத்தில், இடத்தில்' அவையைக் கூட்டுவார், ஆனால் ஒரு கூட்டத்தொடரின் கடைசி அமர்வுக்கும் அடுத்த தொடரின் முதல் அமர்வுக்கும் இடையில் ஆறு மாதம் ஆகிவிடக் கூடாது. கூட்டத்தொடரை முடித்துவைப்பதும் அவர்கள் பெயரில்தான் நடக்கும். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு முறையாவது கூட வேண்டும் என்ற வாசகமும் கூடவே இருந்தது. 1951-ல் வந்த முதல் திருத்தத்தில் அது போய்விட்டது. எத்தனை நாள் அமர வேண்டும் என்பதைப் பற்றி அன்றும் ஒரு சொல் இல்லை, இன்றும் இல்லை. ஆண்டுக்கு இரண்டே நாள் அமர்ந்து கலைந்தாலும், ஆறு மாதக் கணக்கு சரியாக இருந்தால், இந்தப் பிரிவை மீறியதாக ஆகாது.

நடைமுறையில் நடப்பது வேறு. டெல்லியில் நாடாளுமன்ற விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு தேதியை முடிவு செய்கிறது, அது குடியரசுத் தலைவருக்குப் போகிறது, அவர் கையெழுத்திட்ட பிறகு இரு அவைகளின் செயலாளர்கள் உறுப்பினர்களுக்கு அழைப்பாணை அனுப்புகிறார்கள். மாநிலங்களிலும் இதே வழிதான்: அமைச்சரவை முடிவு, ஆளுநர் கையெழுத்து, பேரவைச் செயலாளரின் அறிவிப்பு. 'ஆளுநர் பேரவையைக் கூட்டியுள்ளார்' என்று அறிவிப்பில் இருந்தாலும் அந்தத் தேதியை அவர் யோசித்துக் குறித்திருக்க மாட்டார்.

வெள்ளைக்காரர் காலத்தில் யோசித்துத்தான் குறித்தார்கள். 1935-ம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் மாகாண ஆளுநர் தன் விருப்புரிமைப்படி அவையைக் கூட்டலாம், முடித்துவைக்கலாம், கலைக்கலாம் என்றே எழுதியிருந்தது. நம் அரசியலமைப்பின் வரைவிலும் 153-வது பிரிவாக வந்தபோது, கூட்டுவதும் கலைப்பதும் ஆளுநரின் விருப்புரிமை என்ற உட்பிரிவு ஒட்டிக்கொண்டிருந்தது. அரசியல் நிர்ணய சபை அதை நீக்கிவிட்டுத்தான் இன்றைய 174-ஐ நிறைவேற்றியது. எடுத்துவிட்ட அந்த ஒரு வரிதான் அறுபது சொச்சம் ஆண்டுகள் கழித்து ஒரு மாநில அரசைத் திரும்பக் கொண்டுவந்தது.

அது அருணாச்சலப் பிரதேசத்தில் நடந்தது. 2016 ஜனவரி 14 அன்று பேரவை கூடும் என்று அறிவித்திருந்தார்கள். ஆளுநர் ஜோதி பிரசாத் ராஜ்கோவா, முதலமைச்சர் நபம் துகியைக் கேட்காமலே அதை 2015 டிசம்பர் 16-க்கு இழுத்துக்கொண்டு வந்தார். அதோடு நிற்கவில்லை, பேரவைத் தலைவர் நபம் ரெபியாவை நீக்கும் தீர்மானம்தான் முதல் அலுவலாக இருக்க வேண்டும் என்றும் அவைக்குச் செய்தி அனுப்பினார். பேரவைக் கட்டடம் பூட்டப்பட்டிருந்ததால் எதிரணியினர் ஒரு சமுதாயக் கூடத்தில் அமர்ந்து 'கூட்டம்' நடத்தி அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். ஜனவரி 26 அன்று குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. 2016 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இது எல்லாமே செல்லாது என்று சொல்லி, டிசம்பர் 15 அன்று இருந்த நிலையைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. வரைவில் இருந்த விருப்புரிமை உட்பிரிவை வேண்டுமென்றே நீக்கிய பிறகு, அது இன்னும் இருப்பதுபோல ஒரு ஆளுநர் நடந்துகொள்ள முடியாது என்பதுதான் சாரம். முதலமைச்சர் தலைமையிலான அமைச்சரவை சொன்னபடிதான் ஆளுநர் அவையைக் கூட்ட வேண்டும். ஒரே விதிவிலக்கு, அரசு பெரும்பான்மையை இழந்துவிட்டது என்று கருத உரிய காரணங்கள் இருந்தால் பலத்தை நிரூபிக்கச் சொல்லி அவையைக் கூட்ட அவர் நடவடிக்கை எடுக்கலாம்.

இந்த விதிவிலக்கு காரணமில்லாமல் வரவில்லை. 1967-ல் மேற்கு வங்கத்தில் அஜய் முகர்ஜியின் ஐக்கிய முன்னணி அரசிலிருந்து உறுப்பினர்கள் விலகிப் போனபோது, சீக்கிரம் அவையைக் கூட்டுங்கள் என்று ஆளுநர் தர்ம வீரா கேட்டார். அமைச்சரவை டிசம்பர் 18 என்ற தேதியில் பிடிவாதமாக நின்றது. ஆளுநர் பொறுக்கவில்லை, நவம்பர் 21 அன்று அரசையே நீக்கிவிட்டார். அடுத்து பி.சி. கோஷ் முதலமைச்சராகி அவை கூடியபோது, சபாநாயகர் பிஜய் பானர்ஜி இந்த அரசே செல்லாது என்று சொல்லி அவையை ஒத்திவைத்துவிட்டார். ஆளுநர், முதலமைச்சர், சபாநாயகர் மூவரும் தேதியை வைத்து ஒருவரையொருவர் முடக்கிய கதை இது. பெரும்பான்மை ஆட்டம் காணும்போது ஒவ்வொரு நாளும் எவ்வளவு விலை பெறுகிறது என்பதை அதற்கு முன் இந்த நாடு அவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

2020 ஜூலையில் ராஜஸ்தானில் இது தலைகீழாக நடந்தது. சச்சின் பைலட்டும் அவருடைய ஆதரவாளர்களும் பிரிந்து நின்ற நேரம். முதலமைச்சர் அசோக் கெலாட் அவையைக் கூட்டச் சொல்கிறார், ஆளுநர் கல்ராஜ் மிஸ்ரா தயங்குகிறார். காரணம் சொல்லுங்கள், 21 நாள் முன்னறிவிப்பு கொடுங்கள், கொரோனா காலத்தில் உறுப்பினர்களை எப்படி உட்காரவைப்பீர்கள் என்று கோப்பு திரும்பத் திரும்ப வந்தது. காங்கிரஸ் உறுப்பினர்கள் ஆளுநர் மாளிகைப் புல்வெளியில் உட்கார்ந்து தர்ணா செய்தார்கள். கடைசியில் ஆகஸ்ட் 14 என்று முடிவானது. தீர்ப்பு வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன, சட்டத்தில் சந்தேகம் எதுவும் இல்லை, இருந்தும் ஆளுநரால் வாரக்கணக்கில் நாள் கடத்த முடிந்தது.

அதே ஆண்டு டிசம்பரில், வேளாண் சட்டங்களைப் பற்றி விவாதிக்க 23-ம் தேதி அவையைக் கூட்டக் கேட்ட கேரள அரசுக்கு ஆளுநர் ஆரிஃப் முகமது கான் மறுத்தார், பிறகு 31-ம் தேதி கூடியது. பஞ்சாபில் 2023 பிப்ரவரியில் பட்ஜெட் கூட்டத்தொடருக்கே சிக்கல் வந்தது. முதலமைச்சரின் ட்விட்டர் பதிவும் கடிதமும் மரியாதைக் குறைவாக இருப்பதாகச் சொல்லி, சட்ட ஆலோசனை கேட்டுவிட்டு முடிவெடுப்பதாக ஆளுநர் பன்வாரிலால் புரோகித் பதில் எழுதினார். தமிழ்நாட்டில் நாம் பார்த்த அதே புரோகித்தான். விஷயம் உச்ச நீதிமன்றம் போய், விசாரணைக்கு வந்த அன்றைக்கு, அவையைக் கூட்டிவிட்டார் என்று அவர் தரப்பில் சொன்னார்கள். அமைச்சரவை சொன்னால் கூட்டியே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது, ஆளுநர் கேட்கும் தகவலைத் தருவது முதலமைச்சரின் கடமை என்பதையும் சேர்த்தே சொன்னது. இரண்டாவது பாதியை நம் ஊர் விவாதங்களில் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை, அதையும் நாம் மறக்கக் கூடாது.

ஆளுநருக்கு இதில் எவ்வளவு குறைந்த இடம் இருக்கிறது என்பதற்கு மேற்கு வங்கத்தில் 2022-ல் நடந்ததைச் சொல்லலாம். மார்ச் 7 அன்று அவையைக் கூட்டச் சொல்லி வந்த அமைச்சரவை முடிவில் பிற்பகல் 2 மணி என்பதற்குப் பதில் அதிகாலை 2 மணி என்று தட்டச்சாகியிருந்தது. ஆளுநர் ஜெகதீப் தன்கர், அமைச்சரவை முடிவு இதுதான் என்று சொல்லி அதிகாலை 2 மணிக்கே அவையைக் கூட்டி அறிவிப்பு வெளியிட்டார். அப்புறம் அமைச்சரவை மறுபடி முடிவெடுத்துத் திருத்தம் அனுப்பியதும் நேரம் மாறியது. தன்கர் வேண்டுமென்றே செய்தார் என்பார்கள் பலர். ஆனால் சட்டப்படி பார்த்தால், நேரத்தைத் தானாக மாற்றும் அதிகாரம் அவருக்கு உண்மையிலேயே இல்லை.

சரி, ஆளுநர் பக்கம் இவ்வளவுதான். அமைச்சரவை பக்கம் வருவோம், எனக்கு அதிகக் கவலை இருப்பது இங்கேதான்.

ஒத்திவைப்பதும் முடித்துவைப்பதும் வேறு வேறு. அமர்வு முடிந்ததும் அவையைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பவர் பேரவைத் தலைவர், கூட்டத்தொடரை முடித்துவைப்பவர் அமைச்சரவையின் பரிந்துரைப்படி ஆளுநர். ஒத்திவைத்துவிட்டு முடித்துவைக்காமல் விட்டால், மறுபடி கூட்ட ஆளுநர் கையெழுத்தே வேண்டாம், பேரவைத் தலைவரே கூட்டிக்கொள்ளலாம். ஆளுநரோடு மோதல் உள்ள மாநிலங்களுக்கு இது பெரிய வசதி. 2023-ல் ஆளுநர் ஆர்.என். ரவி பத்து மசோதாக்களைத் திருப்பி அனுப்பிய சில நாட்களிலேயே, நவம்பர் 18, சனிக்கிழமையன்று, தமிழ்நாடு சட்டமன்றம் சிறப்பாகக் கூடி அவற்றை மறுபடி நிறைவேற்றியது நினைவிருக்கும். அதே மாதம் 10-ம் தேதி பஞ்சாப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த முறை செல்லும் என்று சொல்லியிருந்தது. மார்ச்சில் தொடங்கி ஒத்திவைக்கப்பட்ட கூட்டத்தொடரை ஜூனில் சபாநாயகர் மறுபடி கூட்டியது சரியே, அதைக் காரணம் காட்டி மசோதாக்களை ஆளுநர் நிறுத்திவைக்க முடியாது என்றது. கூடவே, கூட்டத்தொடரை முடிக்காமலே இழுத்துக்கொண்டு போவது முறையல்ல என்ற எச்சரிக்கையும் இருந்தது.

முடித்துவைக்கும் அதிகாரம் வேறொரு இடத்தில் கடுமையாக வேலை செய்கிறது. இரு அவைகளும் அமர்வில் இருக்கும்போது அவசரச் சட்டம் பிறப்பிக்க முடியாது. ஒரு அவை முடிந்திருந்தால் போதும், பிறப்பிக்கலாம். நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் திருத்தம் செய்து 2014 டிசம்பர் 31 அன்று வந்த அவசரச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலங்களவையில் அரசுக்குப் பெரும்பான்மை இல்லை. அவை கூடி ஆறு வாரத்தில் அவசரச் சட்டம் காலாவதியாகும் என்பதால் ஏப்ரல் தொடக்கத்தில் கெடு முடிகிறது. பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளை அது. 2015 மார்ச் 28 அன்று மாநிலங்களவையை மட்டும் முடித்துவைத்தார்கள், ஏப்ரல் 3 அன்று அவசரச் சட்டத்தை மறுபடி பிறப்பித்தார்கள். எந்த அவை ஒரு சட்டத்தை ஏற்க மறுக்கிறதோ, அந்த அவையையே முடித்துவைத்து அந்தச் சட்டத்துக்கு உயிர் கொடுக்க முடிகிறது என்றால், கூட்டும் அதிகாரமும் முடிக்கும் அதிகாரமும் வெறும் சடங்கு இல்லை என்பது விளங்கும். பீகாரில் இது இன்னும் எல்லை மீறிப் போனது. 1967-லிருந்து 1981 வரை 256 அவசரச் சட்டங்கள், திரும்பத் திரும்பப் பிறப்பித்து, சில பதினான்கு ஆண்டுகள் வரை உயிரோடு இருந்தன. அவை கூடும், அவசரச் சட்டம் அதன் முன் வராது, அவை முடியும், மறுபடி பிறப்பிப்பார்கள். 1986-ல் வாத்வா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது.

இலங்கையில் 2018-ல் நடந்ததும் இதே ரகம்தான். அக்டோபர் 26 அன்று பிரதமர் ரணில் விக்ரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவை நியமித்த ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, மறுநாளே நாடாளுமன்றக் கூட்டத்தொடரை முடித்துவைத்து, நவம்பர் 16 வரை அவை கூடாதபடி செய்தார். புதிய பிரதமருக்குப் பெரும்பான்மை இல்லை, ஆள் சேர்க்க அவகாசம் தேவைப்பட்டது என்பதுதான் ஊரறிந்த காரணம். ஆள் சேரவில்லை. நவம்பர் 9 அன்று நாடாளுமன்றத்தையே கலைத்தார், டிசம்பர் 13 அன்று ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அது செல்லாது என்றார்கள். பிரிட்டனிலும் 2019 செப்டம்பரில் போரிஸ் ஜான்சன் ஐந்து வாரத்துக்கு நாடாளுமன்றத்தை மூடிவைத்ததை, அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் ஒருமனதாக ரத்து செய்தார்கள்.

மோதலோ நெருக்கடியோ இல்லாத சாதாரண ஆண்டுகளில் என்ன நடக்கிறது? அரசை அவைக்கு இழுத்துவர உண்மையான கட்டாயம் இரண்டே இரண்டுதான். ஒன்று இந்த ஆறு மாதக் கெடு. இன்னொன்று பணம். மார்ச் 31-க்குப் பிறகு செலவு செய்ய அவையின் ஒப்புதல் வேண்டும், அதனால் பட்ஜெட் கூட்டத்தொடரைத் தவிர்க்க முடியாது. மற்ற எல்லாமே அரசின் மனம்போல. அவை கூடினால்தான் கேள்வி நேரம், அவை கூடினால்தான் நம்பிக்கையில்லாத் தீர்மானம், அவை கூடினால்தான் தணிக்கை அறிக்கை மேசைக்கு வரும். முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரியாக 135 நாள் அமர்ந்தது, 2019-லிருந்து 2024 வரையிலான 17-வது மக்களவை 55 நாள். 2020 மார்ச் 23 அன்று அமர்வை முடித்துக்கொண்ட நாடாளுமன்றம் மறுபடி கூடியது செப்டம்பர் 14 அன்று, ஆறு மாதக் கெடுவுக்குச் சில நாட்களே மிச்சம் இருந்தபோது. அந்த ஆண்டு குளிர்காலக் கூட்டத்தொடரே நடக்கவில்லை, அப்போது டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்திருந்தார்கள். 2023 செப்டம்பர் சிறப்புக் கூட்டத்தொடரைப் பற்றி ஆகஸ்ட் 31 அன்று அமைச்சர் ஒருவரின் சமூக ஊடகப் பதிவு வந்தது, எதற்கு என்று அதில் இல்லை. எதற்குக் கூட்டுகிறீர்கள் என்று எதிர்க்கட்சி கடிதம் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா அந்தத் தொடரில்தான் நிறைவேறியது, எந்தக் கட்சியும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரு மசோதாவைக்கூட முன்கூட்டிச் சொல்லாமல் வைத்திருக்க அரசால் முடிந்தது.

இந்தக் குறையை அரசியல் நிர்ணய சபையிலேயே ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். பேராசிரியர் கே.டி. ஷா, குடியரசுத் தலைவர் கூட்டாவிட்டால் அவைத் தலைவரே கூட்டலாம் என்று திருத்தம் கொண்டுவந்தார். 1949 மே மாத விவாதம் அது. அம்பேத்கர் ஏற்கவில்லை. அந்நிய ஆட்சி சட்டமன்றத்தை அலட்சியம் செய்தது உண்மைதான், ஆனால் இனி வரும் அரசு அவைக்குப் பொறுப்பானது, அதனால் அப்படி நடந்துகொள்ள முடியாது என்பது அவர் வாதம். கூட்டத்தொடர்கள் அடிக்கடியும் நீளமாகவும் நடந்து உறுப்பினர்களே சலித்துப்போவார்கள் என்பதுதான் தன் பயம் என்றும் சொன்னார். அம்பேத்கர் சொன்ன எத்தனையோ விஷயங்கள் எழுபது ஆண்டுகளில் அப்படியே பலித்திருக்கின்றன. இதில் ஷாதான் சரியாகக் கணித்தார் என்று நினைக்கிறேன். 1955-லேயே மக்களவையின் குழு ஒன்று மூன்று கூட்டத்தொடர்களுக்கும் நிலையான கால அட்டவணை போட்டுக் கொடுத்தது, இன்றுவரை அதை யாரும் பின்பற்றவில்லை.

வேறு வழி இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் எப்போது கூடுவது, எப்போது முடிப்பது என்பதை நாடாளுமன்றமே முடிவு செய்கிறது, மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கேட்டால் அவைத் தலைவர் கூட்டியே ஆக வேண்டும். பாகிஸ்தானில் நான்கில் ஒரு பங்கு உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்தால் 14 நாளுக்குள் சபாநாயகர் கூட்ட வேண்டும் என்று 54-வது பிரிவு சொல்கிறது. 2022 மார்ச்சில் இம்ரான் கானுக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மானம் இந்த வழியில்தான் அவைக்கு வந்தது. சபாநாயகர் 14 நாளைத் தாண்டி மூன்று நாள் இழுத்தடித்தார் என்பது உண்மை, ஆனால் கூட்டவே மாட்டேன் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

நம் அரசியலமைப்பிலேயே இப்படி ஒரு வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. நெருக்கடி நிலையின் கசப்புக்குப் பிறகு 44-வது திருத்தம் 352-வது பிரிவில் ஒன்றைச் சேர்த்தது. நெருக்கடி நிலை அமலில் இருக்கும்போது மக்களவை உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர், அதை எதிர்த்துத் தீர்மானம் கொண்டுவரப்போவதாக எழுதிக் கொடுத்தால், 14 நாளுக்குள் சிறப்பு அமர்வு நடத்தியாக வேண்டும். மக்களவை அமர்வில் இல்லாவிட்டால் கடிதத்தைக் குடியரசுத் தலைவரிடம் கொடுக்கலாம். பிரதமரின் சம்மதம் தேவையில்லை. 543 பேரில் 55 பேர் கையெழுத்துப் போட்டால் போதும். நெருக்கடி நிலைக்கு மட்டும் திறந்துவைத்த இந்தக் கதவை, நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கும் அவசரச் சட்டத்தை எதிர்க்கும் தீர்மானத்துக்கும் திறந்துவிடலாம், மாநிலங்களுக்கு 174-வது பிரிவிலும் இதையே சேர்க்கலாம். கூடவே ஆண்டுக்குக் குறைந்தபட்ச அமர்வு நாட்களையும் எழுதிவைக்க வேண்டும். 2002-ல் அரசியலமைப்பு மறுஆய்வு ஆணையம் மக்களவைக்கு 120, மாநிலங்களவைக்கு 100 என்று சொன்னது. எண்ணைப் பற்றி வாதாடலாம், கூட்டலாம் குறைக்கலாம், ஆனால் அப்படி ஒரு எண் சட்டத்தில் இருந்திருந்தால் ஹரியானா அவை ஒரு நாள் அமர்ந்துவிட்டு ஆறு மாதம் பூட்டிக் கிடந்திருக்காது.